பீடோங் பக்கம் டிஜிட்டல் டிவி: பெட்டியைப் பற்றிக் கொஞ்சம், ஏரியலைப் பற்றி நிறைய

கெடாவில் பீடோங், செமிலிங், சுங்கை லாலாங், குருண் பக்கம் இருப்பவர்கள் டிஜிட்டல் டிவிக்குப் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்) வாங்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பெட்டி நல்லது என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். முறையான சான்று முத்திரை ஒட்டிய பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. படம் நன்றாக வருவதும் வராததும் கூரை மேல் நிற்கும் ஏரியலிலும், அங்கிருந்து வீட்டுக்குள் இறங்கும் வயரிலும் இருக்கிறது. கையில் இருநூறு வெள்ளி இருந்தால் பாதிக்கு மேல் அதற்கு ஒதுக்குங்கள்.

நான் பீடோங்கில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். கண் துணியில் இருந்தாலும் காது டிவியில் இருக்கும். அம்மா சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் தம்பியோடு இருக்கிறார். தம்பி அங்கே லோரி ஓட்டுகிறான். அம்மா கல்யாணமாகி வந்தபோது சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. கடையிலும் லயத்திலும் பெட்டி பொருத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அளவு கொடுக்க வருகிறவர்கள் கடையில் படம் தெளிவாக வருவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டுல மட்டும் ஏன் கட்டம் கட்டமா உடையுது?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மாற்றம் ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய அனலாக் ஒளிபரப்பு நம் கெடாவின் லங்காவியில்தான் முதலில் நின்றது, 2019 ஜூலை 21 அன்று. அந்த வருடம் அக்டோபர் முடிவதற்குள் சபா, சரவாக் வரைக்கும் நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது டிவிபி-டி2 என்ற முறை. கோபுரங்களிலிருந்து அனுப்பும் வேலையை மைடிவி என்ற நிறுவனம் செய்கிறது. தொடக்கத்தில் சேவைக்கு மைஃப்ரீவியூ என்று பெயர் வைத்திருந்தார்கள். அனலாக்கில் ஒரு நிலையம் பிடித்துக்கொண்டிருந்த அலைவரிசை இடத்தில், டிஜிட்டலில் பல நிலையங்களை அடக்கிவிடலாம். மிச்சப்பட்ட 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசி இணையத்துக்குப் போயிருக்கிறது. 5ஜி-க்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சமயத்தில் அரசாங்கத்தின் பிரிம் உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்குப் பெட்டி இலவசமாகக் கிடைத்தது. நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மாதச் சம்பளத்தில் அரிசி, பள்ளிப் பஸ், கூட்டுக் கடன் என்று கணக்குப் போடுகிற வீட்டில் டிவிக்கு என்று தனியாகக் காசு எடுக்க முடியாது. ஆனால் அம்மா இருக்கிற லயத்தில் அந்த இலவசப் பெட்டிகளில் சில, அட்டைப்பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தன. சிலர் பிரித்து மாட்டிப் பார்த்து, ஒன்றும் வராமல் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள். பெட்டி கெட்டுப்போனது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெட்டியில் கோளாறே இல்லை. கூரையில் இருந்த ஏரியல் இந்த ஒளிபரப்புக்கு ஆனதில்லை என்று அந்த வயதானவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

பெட்டியைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். கையகல கறுப்புப் பெட்டி. பின்னால் ஏரியல் வயர் சொருகும் ஓட்டை, புது டிவிக்கு எச்டிஎம்ஐ, பழைய குண்டு டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். முன்பக்கம் யுஎஸ்பி. மின்சாரம் கொடுத்தால் மொழி கேட்கும், நாடு கேட்கும், அப்புறம் தானாகவே நிலையங்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். 101 டிவி1, 102 டிவி2, 103 டிவி3 என்று எண் வரிசையாக வந்து நிற்கும். அம்மாவுக்கு எழுத்து படிக்க வராது, எண் தெரியும். 102 என்று அமுக்குவதை ஒரே நாளில் பழகிக்கொண்டார். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி.

குண்டு டிவியில் மாட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் தடவை போட்டதும் ஆட்களின் முகம் ஒல்லியாக, நீளமாகத் தெரியலாம். பெட்டியின் செட்டிங்கில் திரை அளவு என்று இருக்கும் இடத்தில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அது இருக்கட்டும். முகம் முகமாகத் தெரிவதுதான் முக்கியம்.

ரிமோட் எனக்குப் பிடிக்கவில்லை. பொத்தான்கள் சின்னவை, எண்கள் சீக்கிரம் அழிந்துவிடுகின்றன. அம்மாவின் ரிமோட்டில் 1, 0, 2 மூன்றையும் நகப்பூச்சால் குறித்துக் கொடுத்திருக்கிறேன். யுஎஸ்பியில் பென்டிரைவ் சொருகினால் நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. கோயில் திருவிழா இரவில் வந்த படத்தை அப்படிப் பதிந்து மறுநாள் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, நம் வீடுகளில் டிவி மேல் போடுகிற பூவேலைத் துணியை இந்தப் பெட்டி மேலும் போர்த்திவிடுகிறார்கள். போடாதீர்கள். பெட்டி சூடாகும், காற்று வேண்டும். தையல்காரி நானே சொல்கிறேன்.

சரி, ஏரியலுக்கு வருவோம். லயங்களில் இன்னும் நிற்கிற நீளக் கம்பி ஏரியல்கள் பெரும்பாலும் விஎச்எப் அலைக்காகச் செய்தவை. டிவி1, டிவி2 எல்லாம் அந்தக் காலத்தில் அப்படித்தான் வந்தன. டிஜிட்டல் முழுக்க யுஎச்எப்-இல் வருகிறது, 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. அலை குட்டையானது, அதனால் ஏரியலின் கம்பிகளும் குட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போது "யுஎச்எப் ஏரியல்" என்றே கேளுங்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் பழைய ஏரியலும் ஓரளவுக்குப் பிடிக்கும். ஆனால் காற்றடித்தால் போய்விடும்.

நமக்குக் கோபுரம் எது? குனோங் ஜெராய்தான். 1,217 மீட்டர் உயரம், உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. பீடோங் பட்டணத்திலிருந்து பத்து கிலோமீட்டர் வாக்கில், வடமேற்கே. என் கடை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அனலாக் காலத்தில் எங்களுக்குப் படம் சுத்தமாக வந்ததில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் அவருடைய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கோபுரத்திலிருந்து நேராக வந்த அலையும், மலைச்சரிவிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலையும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்வதால் அப்படி ஆகும். டிவிபி-டி2 முறையில், திரும்பி வரும் அலையைத் தாங்கிக்கொள்வதற்கு இடைவெளி விட்டே அனுப்புகிறார்கள். பெட்டி மாட்டிய அன்று கடையில் செய்தி வாசிப்பவர் ஒரே ஆளாக, சட்டையின் தையல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக வந்தார். இந்த மாற்றத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் டிஜிட்டலுக்கு ஒரு குணம் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கும், குரல் இரையும், இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். டிஜிட்டலில் ஓர் அளவு வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடையும், அடுத்த நிமிடம் ஒன்றுமே இருக்காது. நடுவில் நிற்கும் பேச்சே இல்லை. அதனால் "நேத்து நல்லாத்தானே வந்துச்சு" என்பதை நம்பாதீர்கள். நேற்று அது விளிம்பில் நின்றிருக்கும்.

அதை அளந்து பார்க்கப் பெட்டியிலேயே வழி இருக்கிறது. மெனுவில், அல்லது ரிமோட்டில் தகவல் பொத்தானை அமுக்கினால், இரண்டு பட்டைகள் வரும். ஒன்று சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பது, இன்னொன்று எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது. பலருக்கும் முதல் பட்டையின் மேல்தான் கண் போகிறது. பார்க்க வேண்டியது இரண்டாவது. பலம் பாதியில் இருந்தாலும் சுத்தம் நிறைந்திருந்தால் படம் நிற்கும். பலம் முழுசாக இருந்து சுத்தம் ஆடினால் படம் உடையும்.

இங்கேதான் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, விஷயம் வருகிறது. என் கடைக்கு இரண்டு கடை தள்ளி மளிகைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு, ஏரியல் போட வந்தவர் "பூஸ்டர் போட்டா இன்னும் கிளியரா இருக்கும்" என்று சொல்லி விற்றுவிட்டுப் போனார். பட்டணத்து நடுவில், ஜெராய் நேராகத் தெரிகிற கூரையில் பூஸ்டர் எதற்கு? கோபுரம் பக்கத்தில் இருக்கும்போது அலை ஏற்கெனவே பலமாக வருகிறது. அதை இன்னும் பெருக்கினால் பெட்டியின் உள்வாங்கும் பகுதி திணறும். அக்கா கடையில் பலப் பட்டை முழுசாக நின்றது, சுத்தம் மட்டும் மேலே போவதும் கீழே இறங்குவதுமாக இருந்தது. தம்பி வந்து பூஸ்டரைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் சொருகினான், படம் நின்றுவிட்டது. பூஸ்டர் தேவைப்படும் வீடுகள் உண்டு. கோபுரம் தூரத்தில் இருப்பவர்கள், ஒரே ஏரியலிலிருந்து நீண்ட வயர் இழுத்துப் பல டிவிக்குப் பிரிப்பவர்கள் போடலாம். பீடோங் பட்டணத்துக்குள் முதலில் பூஸ்டர் இல்லாமல் பாருங்கள். விற்கிறவர் பேச்சை அப்புறம் கேட்கலாம்.

அம்மா வீட்டுக் கதை வேறு. லயத்துக்கும் ஜெராய்க்கும் நடுவில் ஒரு மேடு, மேட்டில் உயர்ந்து வளர்ந்த செம்பனை. கூரை தகரம். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற உள்வீட்டு ஏரியல் அங்கே எடுபடவே இல்லை. தகரம் அலையைத் தடுத்துவிடும். தம்பி பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, அதன் உச்சியில் யுஎச்எப் ஏரியலை மாட்டினான். கூரை மட்டத்தில் இருந்தபோது படம் வந்தும் வராமலும் இருந்தது. மழைக்குப் பிறகு மட்டைகள் நனைந்து காற்றில் ஆடினால் மோசம். ஈரமான இலை யுஎச்எப் அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். குழாயோடு இன்னொரு துண்டை இணைத்து மட்டைகளுக்கு மேலே ஏற்றிய பிறகுதான் சுத்தப் பட்டை அசையாமல் நின்றது. லயத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலை கூடிய ஏரியலை விட உயரமான கம்பம் நல்லது.

ஏரியலைக் கோபுரத்தின் பக்கம் திருப்பும்போது இருவர் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே பட்டையைப் பார்த்துக் குரல் கொடுக்க. கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, பெட்டி பிடித்துக்கொள்ளச் சில விநாடி கொடுத்து, அப்புறம் அடுத்த திருப்பு. ஏரியலின் கம்பிகள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று குழப்பம் வந்தால், பக்கத்தில் நல்ல படம் வருகிற வீட்டுக் கூரையைப் பார்த்து அதே மாதிரி வையுங்கள்.

வயரை யாரும் கவனிப்பதில்லை. பல வருட வெயிலில் வெடித்த மெல்லிய பழைய வயர் வழியாக யுஎச்எப் இறங்கி வருவதற்குள் பாதி போய்விடும். ஆர்ஜி6 என்று கேட்டு வாங்குங்கள், தடித்த வயர், மீட்டர் கணக்கில் கிடைக்கும். மேலே ஏரியலில் சேரும் முனையில் தண்ணீர் புகாமல் டேப் நன்றாகச் சுற்ற வேண்டும். சுவரில் ஓட்டை வழியாக உள்ளே நுழைவதற்கு முன் வயரை ஒரு வளைவு தொங்கவிட்டால், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. நடுவில் ஒட்டுப்போட்ட வயர் வேண்டவே வேண்டாம்.

இனி, இதெல்லாம் செய்து என்ன பார்க்கலாம்? அரசாங்கத்தின் ஆர்டிஎம் நிலையங்கள், டிவி3 குடும்பம், பெர்னாமா டிவி, டிவி அல்ஹிஜ்ரா என்று பட்டியல் நீளம். மாதக் கட்டணம் கிடையாது. அம்மா முதல் வாரம் முழுக்க, "ஏண்டி, மாசா மாசம் காசு கட்டணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை, ஒரு காசு கிடையாது. தமிழில் என்றால் டிவி2-இல் செய்தி, நாடகம், படம் வருகின்றன. பெர்னாமாவிலும் தமிழ்ச் செய்தி உண்டு. வானொலிப் பட்டியலில் மின்னல் எஃப்எம் இருக்கிறது. டிவியிலேயே மின்னலைப் போட்டுவிட்டு அம்மா காலையில் சமைக்கிறார். தனி வானொலிப் பெட்டியில் அந்த மேட்டுக்குப் பின்னால் இரைச்சல்தான் வரும், இதில் சுத்தமாகக் கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் பெட்டியை எடுத்து மாட்டச் சொன்னார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. இவ்வளவு நிலையங்கள் வந்தும், இலவச டிஜிட்டலில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற டிவி நிலையம் ஒன்றுகூட என் பெட்டியில் வருவதில்லை. 1969-இல் இரண்டாவது நிலையம், இன்றைய டிவி2, தொடங்கியதிலிருந்து தோட்டத்து மக்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு நேரம் பார்த்துக் காத்திருந்தே பழகிவிட்டார்கள். லயத்துக்கு மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே வந்த காலம் அது. கார் பேட்டரியில் டிவி ஓட்டிப் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தமிழ்ப் படம் போடும் நாளில் கிராணி வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்வோம். அன்று இடம் இல்லை, ஒரு அலைவரிசைக்கு ஒரு நிலையம்தான். இன்று ஒரே அலைவரிசையில் பல நிலையங்களை அடக்கும் வசதி வந்துவிட்டது. ஆர்டிஎம் செய்திக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி நிலையம் நடத்துகிறது. தமிழுக்கும் ஒன்று வேண்டும். அம்மா வயதில் இருப்பவர்களுக்கு வேறு மொழி நிகழ்ச்சி பார்த்துப் பொழுது போக்கத் தெரியாது. நாளெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

அப்படியானால் ஆஸ்ட்ரோவின் செயற்கைக்கோள் சேவையான என்ஜோய் வாங்கலாமே என்று கேட்பார்கள். தமிழ்தான் முக்கியம் என்றால் அதுவும் நியாயமான யோசனை. ஒரு தடவை காசு கொடுத்து டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். வேண்டுமென்றால் மட்டும் காசு ஏற்றிக் கூடுதல் நிலையம் திறந்துகொள்ளலாம். கோபுரத்துக்குப் பதில் வானத்திலிருந்து வருவதால் மேடு, மட்டை எதுவும் குறுக்கே நிற்காது. ஆனால் செயற்கைக்கோள் அலையைக் கனமழை தின்றுவிடும். நம் பக்கம் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூரை ஏரியலுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. உயரமாக, சரியாக நிறுத்திய பிறகு அம்மா வீட்டில் கொட்டுகிற மழையிலும் செய்தி ஓடுகிறது. இரண்டையும் வைத்திருக்கிற வீடுகளும் உண்டு, வசதி இருந்தால் செய்யலாம். மைடிவிக்குக் கைப்பேசிச் செயலியும் இருக்கிறது, பெயர் மைடிவி மானா-மானா. இளசுகளுக்குச் சரி. லயத்தில் டேட்டா இழுபறி, அம்மாவுக்கு அது வேண்டாம்.

செலவு: பெட்டி எண்பது வெள்ளிச் சொச்சம், ஏரியல் ஐம்பதுக்குள், வயரும் முனைகளும் சேர்த்து இன்னொரு முப்பது. கம்பம் பழைய குழாய், ஆள் கூலி இல்லை. ஆள் வைத்து மாட்டினால் இன்னும் கொஞ்சம் ஆகும். அப்போது கூரையிலிருந்து இறங்குவதற்கு முன் சுத்தப் பட்டையை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

புது டிவி வாங்குகிறவர்களுக்குப் பெட்டியே தேவைப்படாமல் போகலாம். டிவியின் அட்டையில் டிவிபி-டி2 என்று போட்டிருந்தால் ஏரியலை நேராக டிவியில் சொருகி நிலையங்களைத் தேடவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மலிவு டிவிகளில் வெறும் டிவிபி-டி என்று மட்டும் போட்டிருந்தால் அது இங்கே வேலைக்கு ஆகாது, எண் 2 இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இரண்டு டிவி இருந்தால் ஏரியல் ஒன்று போதும், வயரைப் பிரிக்கச் சின்ன ஸ்பிளிட்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ஆனால் பெட்டி டிவிக்கு ஒன்று வேண்டும். கம்பம் உயரமாக நட்டவர்கள் இடி மின்னல் தொடங்கும்போது மின்சாரத்தை மட்டும் அல்ல, பெட்டியின் பின்னால் இருக்கும் ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி இறங்கத் தொடங்கிய பிறகு அதில் கை வைக்காதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள்.